அண்ணா அணைக்காத கற்பூரம்

சட்டத்தைப் பற்றி எழுத இவளுக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். தேவாரம் பாடுவேன், பிழையில்லாமல் ஒரு பக்கம் எழுதுவேன், அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டின் தண்டனைச் சட்டத்தில் ஒரு பிரிவின் இலக்கம் மட்டும் பிள்ளைகளின் நட்சத்திரம் போல எனக்கு மனப்பாடம். முந்நூற்று அறுபத்தைந்து, அதன் பின்னால் வால் போல ஓர் 'ஏ'. ஆணும் ஆணும் சேர்ந்திருந்தால் குற்றம். தெருவில் என்றாலும் குற்றம், கதவைச் சாத்திய அறைக்குள் என்றாலும் குற்றம். வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. அதன் பேரில்தான் என் அண்ணா வெலிக்கடைச் சிறைக்குப் போனார்.

போனார் என்று எழுதுவது சரியில்லை. கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்த்தது பொலிஸ்காரனும் இல்லை, எங்கள் கோயில் ஆட்கள்.

அது இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்திய காலம். நானும் இவரும் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வாடகைக்கு இருந்தோம். இவருக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு மருந்துக் கடையில் வேலை. அண்ணா துறைமுகத்தில் கிளாக்கர். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையை எடுத்திருந்தார். அம்மாவும் ஐயாவும் எங்கள் சிறு வயதிலேயே போய்விட்டதால் எங்கள் இருவரையும் வளர்த்தது மாமா. அம்மாவின் மூத்த தமையன். அதே கொட்டாஞ்சேனையில் அவருக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. எங்கள் பிள்ளையார் கோயில் சபையில் முன்வரிசை ஆள். பொய் சொல்லாத மனிதர் என்று கொட்டாஞ்சேனை முழுக்கப் பெயர். அந்தப் பெயரை அவர் தலைப்பாகை போலச் சுமந்து திரிந்தார்.

அண்ணாவோடு அந்த அறையில் இன்னொருவரும் இருந்தார். செட்டியார் தெருவில் புடவைக் கடையில் நின்றவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கோட்டையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கி, தண்டவாள ஓரமாகவே நடந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். கடல் காற்றில் தலை கலைந்து, வெயிலில் கறுத்து, என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வருவார்கள். வாசலுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கால் கழுவுவார்கள்.

அண்ணாவுக்கு முருங்கைக்காய் என்றால் உயிர். ஆனால் நார் தொண்டையில் சிக்கும். ஒரு ஞாயிறு திருநெல்வேலிக்காரர் தன் இலையில் இருந்த காயையெல்லாம் விரலால் பிளந்து, சதையை வழித்து, அண்ணாவின் சோற்றோரத்தில் வைத்துக்கொண்டிருந்தார். பேசிக்கொண்டே செய்தார். கை தன்பாட்டில் செய்தது.

"இவருக்கு நார் ஆகாதுன்னு தெரிஞ்சும் முருங்கைக்காய வைக்கியளே தங்கச்சி."

"நான் வாறனெண்டா அவள் மரத்தையே வெட்டிப்போடுவாள்," என்றார் அண்ணா.

இவர் என்னைப் பார்த்தார். "இஞ்சேரும், பாத்தீரே? எனக்கு ஒருநாளாவது இப்பிடி வழிச்சு வைச்சிருக்கிறீரே?"

"உங்களுக்குத்தான் பல்லிருக்கே."

எல்லாரும் சிரித்தோம். எனக்கு அன்றைக்கே எல்லாம் விளங்கிவிட்டது என்று சொன்னால் பொய். விளங்கியும் விளங்காமலும் ஒரு நினைப்பு வந்தது. அந்த இரண்டு பேரையும் பார்க்கும்போது, நீண்டகாலம் குடும்பம் நடத்திய புருசன் பெண்சாதியைப் பார்ப்பது போல இருந்தது. எனக்கு அது கூச்சமாக இருக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது சட்டை நனைவது போல ஒரு நினைப்பு நனைந்து காய்ந்தது. அவ்வளவுதான்.

மேல்மாடியை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரர் கீழே குடும்பத்தோடு இருந்தார். அவரும் அதே கோயில் ஆள். அவருக்குக் கலியாணத்துக்கு இருந்த ஒரு மகளை அண்ணாவுக்குக் கேட்டு மாமாவிடம் வந்தார். அரசாங்க உத்தியோகம், பென்ஷன், குணமான பிள்ளை, யார்தான் கேட்க மாட்டார்கள். மாமாவுக்கும் விருப்பம். அண்ணா மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, இப்போது இல்லை என்றார். வீட்டுக்காரர் இரண்டாம் தடவையும் ஆள் விட்டார். அண்ணா நேரே கீழே இறங்கிப் போய், உங்கள் மகளுக்கு என்னைவிட நல்ல இடம் கிடைக்கும், எனக்குக் கலியாணம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். மரியாதையாகச் சொன்னதுதான் அந்த மனிதரைச் சுட்டது போலும்.

திருநெல்வேலிக்காரர் தங்கையின் கலியாணத்துக்கென்று ஊருக்குப் போயிருந்த சமயம், வீட்டுக்காரர் பொலிசில் முறைப்பாடு வைத்தார். தன் வீட்டு மேல்மாடியில் நடக்கக்கூடாத காரியம் நடக்கிறதாம். தாய் பிள்ளைகள் இருக்கும் வீடாம். அண்ணாவை வேலை செய்த கந்தோரிலிருந்தே கூட்டிக்கொண்டு போனார்கள். மாமா ஓடிப்போய்ப் பிணை எடுத்தார். அண்ணா செய்த முதல் வேலை, செட்டியார் தெருக் கடைக்குப் போய், ஊருக்குப் போகிற ஆள் ஒருவரிடம் சொல்லி அனுப்பியதுதான். திரும்பி வரவேண்டாம், வந்தால் பிடிப்பார்கள் என்று. தனக்கு என்ன ஆகும் என்று அதற்குப் பிறகுதான் யோசித்தார்.

வழக்குப் பேச, புதுக்கடையில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புரொக்டரிடம் போனார்கள். மாமா, அண்ணா, இவர் மூவரும். இவர் வந்து எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"வீட்டுக்காரன் கண்ணால கண்டது என்ன? ஒரு அறை, ஒரு நுளம்புவலை. இதுதானே சாட்சி? செட்டியார் தெருக் கடை மாடியளில ஒரு வலைக்குள்ள நாலு பேர் படுக்கிறாங்கள். அப்ப அந்தத் தெருவையே கொண்டுபோய் வெலிக்கடை மறியல்ல போடவேணும்," என்று புரொக்டர் சிரித்தாராம். பிறகு அண்ணாவைப் பார்த்து, "பொலிசில என்ன சொன்னனீர்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"சொல்லியிருந்தாலும் பயமில்லை. பொலிஸ்காரனிட்ட ஒருத்தன் ஒத்துக்கொண்டதைக் கோட்டில நீதவான் எடுக்கமாட்டார். அடிச்சு வாங்குவாங்கள் எண்டு வெள்ளைக்காரனுக்கே தெரியும், அதால அப்பிடி ஒரு சட்டம் வைச்சிருக்கிறான். ஆனா வேற ஒருத்தரோடையும் இதைப்பற்றி வாய் திறக்காதையும். வாயை மூடிக்கொண்டிரும், இந்த வழக்கு நிக்காது."

அண்ணா தப்பிவிடுவார் என்றுதான் இருந்தது. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அண்ணாவும் மூடிக்கொண்டுதான் இருந்தார். பேச வைத்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். களவு, காணிச் சண்டை, அபாண்டம், எதுவானாலும் கோட்டுக்குப் போகுமுன் கோயிலுக்குப் போவார்கள். பழி சுமந்தவர் தலைமுழுகி ஈரத்தோடு சந்நிதியில் நிற்பார். தட்டத்தில் கற்பூரம் எரியும். நான் செய்யவில்லை என்று சொல்லி வலது உள்ளங்கையால் அதை அடித்து அணைப்பார். அணைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பழி சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டு வாபஸ் வாங்க வேண்டும். பொய்யாக அணைத்தவனின் குடும்பம் விளங்காது என்று எல்லாரும் நம்பினோம். நான் இப்போதும் நம்புகிறேன்.

மாமா ஒரு மாலை வெள்ளவத்தைக்கு வந்தார். அண்ணா அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். மாமாவின் முகத்தில் அத்தனை நாள் இல்லாத தெளிவு.

"எல்லாம் கதைச்சு முடிச்சிட்டன், மருமோன். நீ வெள்ளிக்கிழமை கற்பூரம் அணைக்கிறாய். வீட்டுக்காரர் அண்டைக்கே பொலிசுக்குப் போய், நான் பிழையாய் விளங்கிக்கொண்டிட்டன் எண்டு சொல்லுவார். சபைக்கு முன்னால ஒத்துக்கொண்டவர்."

"புரொக்டர் ஒருத்தரோடையும் கதைக்க வேண்டாமெண்டவர் மாமா."

"மனுசரோட கதைக்க வேண்டாமெண்டவர். பிள்ளையாரோட கதைக்க வேண்டாமெண்டு எந்தப் புரொக்டர் சொல்லுவான்?"

இவர் சிரித்துவிட்டார். மாமாவும் தன் பேச்சில் தானே மகிழ்ந்து சிரித்தார். அண்ணா சிரிக்கவில்லை.

"நான் வரேல்லை."

"ஏன்?"

அண்ணா குனிந்து பாயின் ஓலையைப் பிய்த்தார்.

"கோடு விட்டாலும் சனம் விடுமோ? புரொக்டர் கெட்டித்தனத்தால தப்பினவன் எண்டுதானே சொல்லும். கற்பூரம் அணைச்சா ஒருத்தன் வாய் திறக்கேலாது. என்ர கையில வளந்தனி நீ. உனக்கென்ன பயம்?"

மாமா அண்ணாவை நம்பினார். அதை நான் மறைக்க மாட்டேன். பழி பொய் என்று மனதார நம்பினார். அந்த நம்பிக்கைதான் அண்ணாவைத் தின்றது. கெட்ட எண்ணத்தோடு கூப்பிட்டிருந்தால் அண்ணா போயிருக்கவே மாட்டார். வளர்த்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு, உன் பேரை நான் காப்பாற்றித் தருகிறேன் என்று கெஞ்சும்போது எழுந்து எங்கே போவது. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. பெண்களிடம் கேட்கும் விஷயமாக அது யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயிலில் திருவிழாக் கூட்டம். யாரும் பறை அடித்துச் சொல்லவில்லை, எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் பெண்கள் பக்கத்தில் தூணோடு நின்றேன். எனக்கு முன்னால் ஒருத்தி மற்றவளிடம், "பொடியனைப் பாக்க அப்பிடித் தெரியேல்லையே," என்றாள். "அப்பிடியெண்டா எப்பிடித் தெரியவேணும்?" என்று மற்றவள் கேட்டாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணா ஈர வேட்டியோடு வந்து நின்றார். ஐயர் தட்டத்தில் கற்பூரத்தை ஏற்றி நீட்டினார். வீட்டுக்காரர் ஒரு பக்கம், சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு. மாமா மறுபக்கம். மாமாவின் உதடு தேவாரத்தை முணுமுணுத்தது.

அண்ணா கையைத் தூக்கினார். தூக்கிய கை அந்தரத்தில் நின்றது. சுவாலை அவருடைய விரல் நுனியில் படும்படி அருகில் இருந்தது. என் மனதுக்குள் நான், அணையுங்கோ அண்ணா, அணையுங்கோ, பிள்ளையார் மன்னிப்பார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய்யென்றாலும் பரவாயில்லை என்றுதான் வேண்டினேன். வாழ்நாளில் கோயிலில் நின்று நான் வேண்டிய ஒரே பொய் அது.

அவர் கையைக் கீழே போட்டார்.

"என்னால ஏலாது மாமா."

"என்னடா ஏலாது? அணை."

"இதுக்கு முன்னால நிண்டு பொய் சொல்ல ஏலாது. அவரும் நானும் அப்பிடித்தான் இருந்தனாங்கள். அஞ்சாறு வருசமாய் ஒரு குடும்பமாய்த்தான் இருந்தனாங்கள். இதில பாவம் இருந்தா நான் பிள்ளையாரிட்ட வாங்கிக்கொள்ளுறன்."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் கோயில் அப்படி அமைதியாக இருந்ததால் தூணடியில் நின்ற எனக்கே கேட்டது. மாமா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். வீட்டுக்காரர் சால்வையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, நிதானமாக, "எல்லாரும் கேட்டனியள்தானே," என்றார். ஐயருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "பூசைக்கு நேரமாச்சு, தள்ளி நில்லுங்கோ, தள்ளி நில்லுங்கோ," என்று தட்டத்தை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கற்பூரம் தன்பாட்டில் எரிந்து முடிந்திருக்கும்.

அடுத்த நாள் புரொக்டர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். கோபத்தில் அவருக்கு வியர்த்தது.

"பொலிசிட்டச் சொல்லியிருந்தா நான் அதைக் கிழிச்சு எறிஞ்சிருப்பன். ஆயிரம் பொலிஸ்காரனிட்டச் சொல்லியிருக்கலாம். இப்ப கோயில்ல, நல்ல மனுசருக்கு முன்னால, ஒருத்தரும் அடிக்காமல், ஒருத்தரும் வெருட்டாமல் சொல்லிப்போட்டார். இதைவிட நல்ல வாக்குமூலம் ஒரு கோட்டுக்கும் கிடையாது. வெள்ளைக்காரன்ர சட்டம் அவரைக் காப்பாத்தியிருக்கும் அம்மா. நீங்கள் விடேல்லை."

நீங்கள் என்று அவர் சொன்னது எங்கள் எல்லாரையும்தான். தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

மாமாவைச் சாட்சிக்கு அழைத்துக் கட்டளை வந்தது. வீட்டுக்காரருக்குப் பகை இருந்தது, கலியாணப் பேச்சு முறிந்த கதை எல்லாருக்கும் தெரியும், அவருடைய சாட்சியைப் புரொக்டர் கிழித்துவிடலாம். கோயிலில் கேட்ட மற்றவர்கள் கோட்டுக்கு வரமாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள்; வழக்கு நின்றது மாமாவின் வாயில். நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கடையின் பின்கட்டில் ஆணி மூட்டைகளுக்கு நடுவில் மாமா இருந்தார். நெற்றியில் மூன்று குறி திருநீறு. ஒரே கிழமையில் கிழவராகிவிட்டார்.

"மாமா, உங்களுக்குக் காது மந்தமெண்டு சொல்லுங்கோ. சனம் கனக்க நிண்டதால சரியாய்க் கேக்கேல்லையெண்டு சொல்லுங்கோ."

"எனக்குக் கேட்டது பிள்ளை."

"அது தெரியும். கேக்கேல்லையெண்டு சொல்லுங்கோ எண்டுதான் சொல்லுறன்."

"சந்நிதியில கேட்டதைக் கோட்டில மாத்திச் சொல்லச் சொல்லுறியோ? என்ர வயசென்ன, நான் இருக்கிற இருப்பென்ன?"

"அண்ணா மறியலுக்குப் போவார் மாமா."

"அவன் பொய் சொல்ல ஏலாதெண்டவன். அவனை வளத்தது நான். நான் மட்டும் சொல்லட்டோ?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது. ஐம்பது அறுபது வருடமாக யோசித்துப் பார்க்கிறேன், இன்றைக்குப் பதில் இருக்கிறது. அண்ணா உண்மை சொன்னது தன் தலையைக் கொடுத்து. மாமா உண்மை சொல்லப்போவது அண்ணாவின் தலையைக் கொடுத்து. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் அன்றைக்கு அந்த ஆணி மூட்டைகளுக்கு நடுவில் இது எனக்கு வரவில்லை. அழுதேன். மாமாவும் அழுதார். அழுதுகொண்டே, மத்தியானச் சாப்பாட்டுக்கு நின்றுவிட்டுப் போ என்றார்.

கோட்டுக்கு நான் போகக்கூடாது என்று இவர் சொன்னார். நான் போனேன். எல்லாம் இங்கிலீசில் நடந்தது. கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் ஒருவர் தமிழில் கேட்டு இங்கிலீசில் சொன்னார். மாமா சாட்சிக் கூட்டில் ஏறிச் சத்தியப் பிரமாணம் செய்து, கோயிலில் நடந்ததை ஒரு சொல் கூட்டாமல் ஒரு சொல் குறைக்காமல் சொன்னார். கண்ணீர் தாடியில் வழிந்தது. புரொக்டர் எழுந்து, அது சபை கட்டாயப்படுத்தி வாங்கிய வார்த்தை, பழியை வாபஸ் வாங்குவதாக ஆசை காட்டி வாங்கியது, எடுக்கக்கூடாது என்று வாதாடினார். கோயில் சபைக்குச் சட்டப்படி ஓர் அதிகாரமும் இல்லை, ஆகவே அது கட்டாயம் ஆகாது என்று நீதிபதி சொல்லிவிட்டாராம். அண்ணா மறியலுக்குப் போனதைவிட, சபைக்கு அதிகாரமில்லை என்று வெள்ளைக்காரத் துரை சொன்னதைப் பற்றித்தான் கோயிலில் பல மாதம் மனவருத்தப்பட்டார்கள்.

சொந்த மருமகனுக்கு எதிராகவும் உண்மை பேசிய பெரியவர் என்று நீதிபதி மாமாவைப் புகழ்ந்தார். அதை முதலியார் தமிழில் உரக்கச் சொன்னார். அண்ணாவுக்கு ஒன்றரை வருடம் கடூழியச் சிறை. உண்மை பேசியதற்கு ஒரே நாளில், ஒரே மண்டபத்தில் இரண்டு பேருக்குக் கிடைத்த கூலி இது.

கசையடியும் சட்டத்தில் இருந்ததாம். அதை நீதிபதி கொடுக்கவில்லை. துரை இரக்கமானவர் என்று வீட்டுக்காரரே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

சிறையில் அண்ணாவைப் பார்க்க நான் போனதும், இவர் கோபித்ததும், பிறகு இவரே பழம் வாங்கித் தந்து அனுப்பியதும் எழுதினால் நீளும். விடுதலையான காலை நான் வெலிக்கடை வாசலில் நின்றேன். "நங்கி, மெத்தன இன்ன எப்பா," இங்கே நிற்காதே என்று காவல்காரன் விரட்டினான். நான் தெருவின் மறுபக்கம் போய் நின்றேன். அண்ணா வெளியே வந்தார். தலைமயிர் ஒட்ட வெட்டி, தோளெலும்பு துருத்தி, அரசாங்கக் கிளாக்கர் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். உத்தியோகமும் பென்ஷனும் தீர்ப்பு வந்த அன்றைக்கே போய்விட்டன.

பொரளையில் ட்ராம் ஏறினோம். ஏறியதும் கேட்ட முதல் கேள்வி, "அவர் சுகமோ பிள்ளை?"

"சுகமாம். செட்டியார் தெருக் கடைக்கு வாற ஆக்கள் சொல்லுகினம். கலியாணம் கட்டேல்லையாம்."

அண்ணா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மருதானை வரும்வரை திரும்பவில்லை.

மாமா சபை மூலமாக ஒரு செய்தி அனுப்பினார். பிராயச்சித்தம் செய்து, வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டால் கோயிலுக்குள் வரலாமாம். அண்ணா போகவில்லை. தெமட்டகொடையில், ரயில்வே யார்ட்டுக்குப் பின்னால், தோட்டத்து லயம் போன்ற ஒரு வரிசை வீட்டில் அறை எடுத்தார். விறகு காலை என்று நாங்கள் சொல்லும் விறகுக் கிடங்கு ஒன்றில் நிறுவைக்கு நின்றார். சுவரில் ஒரு பிள்ளையார் படம் வைத்துக் காலையும் மாலையும் விளக்கேற்றினார். கோயில் அவரைக் கைவிட்டது, அவர் பிள்ளையாரைக் கைவிடவில்லை.

அக்கரைக்குப் போய்விடலாமே என்று நான்தான் புரொக்டரிடம் கேட்டேன். தலைமன்னாரில் கப்பல் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து திருநெல்வேலி எவ்வளவு தூரம்.

"அங்கையும் இதே சட்டந்தான் அம்மா. இலக்கம் மட்டும் வேற. எழுதினவன் ஒருத்தன்தானே," என்றார் புரொக்டர்.

அண்ணாவிடம் சொன்னேன். "தெரியும்," என்றார். "நான் மறியலுக்குப் போய்வந்தவன். நான் போய் நிண்டா அங்கை இருக்கிற சனம் ஏன் எண்டு கேக்கும். அவர் இப்ப சந்தேகமில்லாமல் இருக்கிறார். இருக்கட்டும்." பிறகு, "வெள்ளைக்காரன் போவான். போனா அவன்ர சட்டமும் போகும். அப்ப அவர் இஞ்சை வரட்டும்," என்றார்.

இதை அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. சண்டை வந்தது, ஜப்பான் குண்டு போட்டது, கொழும்பே ஊருக்கு ஓடியது, அண்ணா தெமட்டகொடையை விட்டு அசையவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை நான் செட்டியார் தெருக் கடைக்குச் சேலை பார்க்கிற சாட்டில் போவேன். வழக்குக்குப் பிறகு அக்கரையிலிருந்து வந்து கடையை எடுத்த முதலாளி, பழைய கதை ஒன்றும் தெரியாதவர், தன் ஊர் ஆளைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார். "அவன் சாமியாராட்டம் இருக்கான்மா. பொண்ணு பாத்து பாத்து அவுக ஆத்தாளுக்குக் கண்ணே போச்சு. கேட்டா, கொஞ்சம் பொறுங்கன்னுதான் சொல்லுதான். எதுக்குப் பொறுக்கணும்னு யாருக்கும் தெரியல." எனக்குத் தெரியும். சேலையைத் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

சுதந்திரம் வந்தது. காலி வீதியெல்லாம் கொடி. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இனிப்போடு வந்தார்கள். நான் அடுத்த நாளே புதுக்கடைக்குப் போனேன். புரொக்டருக்கு அப்போது தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும், எதற்கு வந்தேன் என்று தெரிந்துகொண்டார்.

"இல்லையம்மா. எல்லாத்தையும் அப்பிடியே எடுத்துக்கொண்டிட்டம். ஒரு கமாவும் மாறேல்லை. இந்தியாவிலையும் அதேதான்." பிறகு தயங்கி, "குடியுரிமைக்கு வேற புதுச் சட்டம் வரப்போகுது எண்டு கதைக்கினம். இனி இந்தியாக்காரர் நினைச்ச மாதிரி வந்து குடியிருக்கேலாது," என்றார்.

வெள்ளைக்காரன் கப்பல் ஏறிப் போனான். அவன் எழுதியதை எங்கள் ஆட்கள் பட்டுத் துணியில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டார்கள். இதை எழுதும் இன்றைக்கும் அது இருக்கிறது. அண்மையில் அதைத் திருத்தினார்கள் என்று பேத்தி பேப்பரைக் கொண்டு வந்தாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். திருத்தி, பெண்களையும் அதற்குள் சேர்த்திருக்கிறார்கள்.

அன்று புதுக்கடையிலிருந்து நேரே தெமட்டகொடைக்குப் போனேன். அண்ணா வேலையால் வந்து, கிணற்றடியில் மரத்தூசியைக் கழுவிக்கொண்டிருந்தார். புரொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் துவாயால் கழுத்தைத் துடைத்தார், காதுகளைத் துடைத்தார், மறுபடியும் கழுத்தைத் துடைத்தார்.

"அவருக்கு என்ன வயசிருக்கும் இப்ப?"

"உங்கட வயசுதானே அண்ணா."

"ஆம்பிளைக்கு அது ஒரு வயசில்லை. தாய் மனுசியும் கண் தெரியாமல் இருக்கிறாவாம். கடையில சொல்லிவிடு பிள்ளை. கட்டச் சொல்லு."

"அண்ணா."

"நான் சொன்னதெண்டு சொல்லச் சொல்லு. இல்லாட்டி அவர் கட்டமாட்டார்."

வேறு ஆளை அனுப்பியிருக்கலாம். இவரையே கேட்டிருந்தால் போயிருப்பார். ஆனால் இது நான் கொண்டுபோக வேண்டிய செய்தி என்று பட்டது. அடுத்த நாள் செட்டியார் தெருவுக்குப் போனேன். கடையில் கூட்டமில்லை. முதலாளி மெத்தையில் இருந்தார்.

"உங்கட ஊர் ஆளிட்டச் சொல்லிவிடுங்கோ. அவர் கலியாணம் கட்டட்டாம். என்ர அண்ணா சொன்னதெண்டு சொல்லுங்கோ. இனிப் பொறுக்க வேண்டாமாம்."

முதலாளியின் முகம் விரிந்தது. "அட, நல்ல சேதி கொண்டாந்திய. அப்ப உங்க அண்ணனுக்காகத்தான் பொறுத்திருந்தானா? என்ன, அவருக்கு முதல்ல ஆகட்டும்னா? அண்ணனுக்கு முடிவாயிடுச்சா?"

"ஓம்," என்றேன்.

"மங்களமா ஒரு வார்த்தை சொன்னியம்மா. வெறுங்கையோட போகப்படாது." சாமி படத்துக்குக் கீழே இருந்த டப்பாவைத் திறந்து, ஒரு பிடி கற்கண்டு அள்ளி என் கையில் வைத்தார். "போடுங்க, வாயில போடுங்க."

அவர் பார்த்துக்கொண்டே நின்றார். மறுத்தால் ஏன் என்று கேட்பார். நான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.